மேட்டில் தெரிந்த வெள்ளை அங்கி

ஏப்ரல் 18, திங்கள்

பாஸ்கா என்கிற ஈஸ்டர் திருவிழா ஒருவழியாக முடிந்தது. தொண்டை போய்விட்டது. இன்று முழுக்கப் பேச முடியவில்லை. அதனால் ஊருக்கு நட்டம் ஒன்றும் இல்லை. குசினி பார்க்கும் கித்தேரியம்மாள் மிளகு ரசத்தை மேசையில் வைத்துவிட்டு, "இன்னைக்காவது வாயத் தொறக்காம இருங்க சாமி" என்றார். நான் பங்குத்தந்தையாக இருக்கும் இந்த ஊரில் என்னிடம் நேருக்கு நேர் இப்படிப் பேச அவர் ஒருவருக்குத்தான் தைரியம். மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்கிறார்கள்.

தொம்மையார்முனைக்கு வந்து பதினோரு மாதம் ஆகிறது. முன்பிருந்த பங்கில் ஒலிபெருக்கிச் சண்டை ஒன்றில் நாற்பது பேர் கையெழுத்துப் போட்டு என்னை மூட்டை கட்ட வைத்தார்கள். "ஒரே ஒரு வருடம், எந்தப் புகாரும் வராமல் ஓட்டுங்கள். குருமடத்தில் வேதாகமம் நடத்த உங்களைக் கூப்பிட்டுக்கொள்கிறேன்" என்று குருமட அதிபர் சொன்னார். இன்னும் ஒரு மாதம். அதுவரை நான் ஊமையாக இருந்தால் போதும். தொண்டை இப்போதே ஒத்திகை பார்க்கிறது.

குருமட இதழுக்கு ஒரு கட்டுரை தர வேண்டும். யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் வரும் மீன்பாடு. சீடர்கள் ஏழு பேர் இரவெல்லாம் வலை வீசி ஒன்றும் அகப்படாமல் திரும்புகிறார்கள். விடியும் நேரம் கரையில் ஒருவர் நிற்கிறார். யாரென்று தெரியவில்லை. வலப்பக்கம் வீசச் சொல்கிறார். வலை கொள்ளாத மீன். அதன் பிறகுதான் நின்றவர் ஆண்டவர் என்று அடையாளம் தெரிகிறது. நூற்றைம்பத்து மூன்று மீன் என்று கணக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு பழைய உரைகாரர்கள் போட்ட பெருக்கலையும் கூட்டலையும் படித்தால் தலை சுற்றுகிறது. எனக்கு வேண்டியது எண் அல்ல. கரையில் நின்றவருக்கு, படகில் இருந்தவர்களுக்குத் தெரியாதது எப்படித் தெரிந்தது?

ஏப்ரல் 19, செவ்வாய்

காற்று. மின்சாரம் இல்லை. ஒரு வரி எழுதி, அதையும் அடித்துவிட்டேன்.

ஏப்ரல் 20, புதன்

மத்தியானம் கொல்லைக் கதவை யாரோ தட்டினார்கள். கஸ்பார். ஐம்பது வயதிருக்கும். கறுத்து மெலிந்த ஆள், தோளில் எப்போதும் ஒரு சிவப்புத் துண்டு. முன்வாசல் வழியாக வரமாட்டார். ஊர்விலக்கு.

அவர் கதை நான் வருமுன் நடந்தது. வெடி போட்டு மீன் பிடித்தவர்களைப் பற்றிக் கேட்டபோது போலீஸ் ஸ்டேஷனில் உண்மையைச் சொல்லிவிட்டார். மாட்டியவன் ஊர்த்தலைவர் தஸ்நேவிஸின் மருமகன். ஊர் விவகாரத்தை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனவன் என்று கமிட்டி அவரை விலக்கி வைத்தது. இரண்டு வருடமாக எந்த வள்ளத்திலும் அவருக்கு இடமில்லை, எந்தக் கல்யாணத்துக்கும் அழைப்பில்லை. பூசைக்கு வந்தால் கடைசித் தூணுக்குப் பின்னால் நிற்பார்.

"எம் மவ ஜெஸிந்தாவுக்குச் சம்பந்தம் வந்திருக்கு சாமி. நல்ல எடம். பையனுக்கு இவளத்தான் கெட்டணும்னு. ஆனா அவுக வீட்ல, ஊரோட சேந்துட்டு வாங்க, அப்பறம் ஓலை வாசிக்கலாங்காங்க."

ஓலை என்றால் கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண அறிவிப்பு. வாசிக்க வேண்டியது நான். சட்டப்படி என்னை யாரும் தடுக்க முடியாது. ஆனால் வாசித்தால் கமிட்டி பூசையைப் புறக்கணிக்கும், ஆயர் இல்லத்துக்கு லெட்டர் போகும், என் ஒரு வருடம் பதினோராம் மாதத்திலேயே நாசமாகும். "கமிட்டியிடம் பேசிப் பார்க்கிறேன்" என்றேன். பேசமாட்டேன் என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

"பேச வேண்டாம் சாமி. சனிக்கிழமை பாஸ்கா மடி வருதுல்லா" என்றார்.

எனக்கு அது தெரியாது. அவர் போனபிறகு கித்தேரியம்மாள் சொன்னார். இப்போது விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், கரைமடிதான் ஓடுகிறது. வள்ளம் கடலில் போய் வலையை அரைவட்டமாக இறக்கும். இரண்டு கயிற்று முனையையும் கரையிலிருந்து ஊரே இழுக்கும். மீன் எங்கே நிற்கிறது என்பது வள்ளத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது. கரையில் மணல்மேட்டின் மேல் ஒருவர் நின்று, பார்த்து, துணியை வீசிக் காட்டுவார். பாஸ்கா கழிந்த முதல் சனிக்கிழமை போடுவது பாஸ்கா மடி. அதில் மடி நிறைந்தால், மீனைக் காட்டியவர் மறுநாள் பூசைக்குப் பிறகு கோயில் முற்றத்தில் ஊரிடம் ஒன்று கேட்கலாம். ஊர் மறுக்கக் கூடாது. மேட்டில் கூட நின்ற ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

"அவன மாதிரி மீன் பாக்க இந்தக் கரையில ஆளு கெடையாது. இப்போ தலைவரு மச்சான் பாக்கான். அவனுக்குச் சோத்துல கெடக்க மீனே தெரியாது" என்றார்.

ஏப்ரல் 21, வியாழன்

நானே கஸ்பாரைத் தேடிப் போனேன். கட்டுரைக்காக. கித்தேரியம்மாள் சொன்னதைக் கேட்டு எனக்கு இரவு தூக்கம் வரவில்லை. கரையில் நின்றவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் புத்தகங்களில் தேடுகிறேன். விடை என் குசினியில் ரசம் வைத்துக்கொண்டிருக்கிறது.

அந்தச் சீடர்கள் வலை வீசிய கலிலேயாவிலும் இதுதான் நடந்திருக்க வேண்டும். அந்த ஏரியின் வடகரையில் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. குளிர் காலத்தில் அந்த வெதுவெதுப்புக்கு மீன்கள் கரையோரம் கூடும். படகில் இருப்பவனுக்கு நீர் கண்ணாடி மாதிரி கூசும். உயரத்தில் நிற்பவனுக்குத் தெரியும்.

கஸ்பாரிடம் கேட்டேன், மீனை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று.

"மீனப் பாக்க முடியாது சாமி. தண்ணி கருக்கும். சாளைன்னா லேசா செவப்பு பூக்கும். அயலைன்னா ஓரத்துல நடுக்கம் இருக்கும். வெயிலு ஒரு பனை ஏறணும், அப்பத்தான் கூச்சம் விடும்."

"விடியற்காலையில் பார்க்க முடியாதா?"

"ஏன் முடியாது? அப்ப பறவையப் பாக்கணும்."

விடியற்காலை என்று வேதம் சொல்வது என் கருத்துக்கு இடைஞ்சலாக இருந்தது. ஒரு வாக்கியத்தில் தீர்த்துவிட்டார். சனிக்கிழமை என்னை மேட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்க வந்தா எனக்குச் சாட்சியும் ஆச்சு" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். ஆட்டினேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 23, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை எட்டு மணிக்கு உடைமரங்களுக்குப் பின்னால் சுற்றி மேட்டில் ஏறினோம். மணல் முழுக்க இராவணன் மீசை முள். என் அங்கியின் விளிம்பெல்லாம் ஒட்டிக்கொண்டது. தலைவரின் மச்சான் தெற்குப் பக்கத்து மேட்டில் நின்று எதையோ காட்டியிருக்கிறான். முதல் மடியில் குப்பைதான் வந்தது. கரையில் முந்நூறு பேர் முகம் தொங்க நின்றார்கள். வள்ளம் மறுபடி வலையை ஏற்றிக்கொண்டு போனது.

கஸ்பார் கண்ணுக்கு மேல் கை வைத்து நின்றார். ரொம்ப நேரம் அசையவே இல்லை. பிறகு, "அந்தா" என்றார். அவர் காட்டிய இடத்தில் நான் பார்த்தேன். தண்ணீர்தான் தெரிந்தது. "வள்ளத்துக்கு வலப்பக்கம், ரெண்டு கயிறு தூரம். சாளை. கரை கொள்ளாது சாமி."

சிவப்புத் துண்டை எடுத்து வீசினார். வள்ளத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். பார்த்தது எனக்கே தெரிந்தது. முன்துடுப்புப் போடும் லெயோன் எழுந்து நின்றே பார்த்தார். பிறகு எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சிவப்புத் துண்டு யாருடையது என்று கடலில் இருந்தாலும் தெரியும். விலக்கப்பட்டவன் காட்டிய மீனைப் பிடித்தால் அது அவனோடு சேர்ந்து தொழில் செய்த குற்றம்.

கஸ்பார் துண்டை இறக்கினார். "போயிரும் சாமி. இப்ப வைக்கலன்னா தெக்க போயிரும்." என்னைத் திரும்பிப் பார்த்தார். "அந்த அங்கியக் குடுங்க."

கழற்றிக் கொடுத்தேன். பனியனும் கால்சட்டையுமாக உடைமரத்தின் பின்னால் பதுங்கினேன். கஸ்பார் அங்கி முழுவதையும் இரு கையாலும் தலைக்கு மேல் பிடித்து, வலப்பக்கமாக மூன்று முறை சுழற்றி இறக்கினார். கிழக்கு வெயில் நேராக அதன்மேல் விழுந்தது. நான் என் அங்கியை அப்படி ஒரு வெண்மையில் பார்த்ததே இல்லை. வள்ளம் திரும்பியது.

மடி வந்தபோது கரையில் அழுகை, கூச்சல், மாதாவுக்கும் ஊர்ப் புனிதர் தொம்மையாருக்கும் வாழ்க. வெள்ளி வெள்ளியாகச் சாளை. இழுத்தவர்கள் இழுக்க முடியாமல் மணலில் விழுந்தார்கள். கஸ்பார் இறங்கிப் போகவில்லை. அங்கியை உதறி என்னிடம் கொடுத்து, "நாளைக்கு முற்றத்துல பாப்போம் சாமி" என்றார். அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அதற்குமுன் பார்த்ததில்லை. நான் வந்த வழியே என் பங்களாவுக்கு வந்துவிட்டேன். எல்லாரும் தண்ணீரோரம் இருந்ததால் யாரும் பார்க்கவில்லை.

சாயங்காலம் தஸ்நேவிஸ் கமிட்டியோடு வந்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. "மேட்டு மேல வெள்ளை அங்கி போட்டு ஒருத்தரு நின்னாராம் சாமி. மொகம் தெரியல. ஒரே வெளிச்சமாம். வள்ளத்துல எட்டு பேரும் பாத்திருக்கான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீங்க காலையில அந்தப் பக்கம் வந்தீயளா?"

இல்லை, அறையில் செபத்தில் இருந்தேன் என்று சொன்னேன்.

"அப்போ அது தொம்மையாரேதான்!" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

மேட்டில் நின்றபோது என் மனதில் செபமும் இருந்தது. ஆகையால் நான் சொன்னது முழுப் பொய் அல்ல.

ஏப்ரல் 24, ஞாயிறு

வெயில் கடுமை. பூசைக்கு நல்ல கூட்டம். காணிக்கைப் பாடலில் பாடகர் குழு சுருதி விட்டுவிட்டது.

முற்றத்தில் கஸ்பார், மீனைக் காட்டியது தான் என்று சொல்லி விலக்கை எடுக்கக் கேட்டார். உன்னிடம் இருப்பது சிவப்புத் துண்டுதானே, வெள்ளைத் துணி ஏது என்று தஸ்நேவிஸ் திருப்பிக் கேட்டார். சாமியுடைய அங்கி என்று கஸ்பார் சொன்னார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

புனிதர்களின் செயல்களைப் பற்றி அவசரப்பட்டு எதுவும் பேசக்கூடாது, நான் அன்று காலை அறையில்தான் இருந்தேன் என்றேன்.

மத்தியானம் சாளைக் குழம்பு. சாப்பிடவில்லை.

ஏப்ரல் 25, திங்கள்

கித்தேரியம்மாள் துவைக்கிற கல்லில் என் அங்கியை விரித்து வைத்துக்கொண்டு விளிம்பிலிருந்து முள் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாக. ஒரு தேங்காய்ச் சிரட்டையில் போட்டுக்கொண்டே இருந்தார். இராவணன் மீசை மேட்டைத் தவிர இந்த ஊரில் வேறெங்கும் கிடையாது. என் அறையில் நிச்சயமாகக் கிடையாது.

நான் கடந்து போனேன். அவர் நிமிரவில்லை. ராத்திரிக்குக் கஞ்சி மட்டும் வைத்திருந்தார். தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 27, புதன்

பக்கத்து ஊர்களிலிருந்து வேன் வேனாக வருகிறார்கள். மேட்டு மணலைத் துணியில் முடிந்து கொண்டுபோகிறார்கள். யூடியூப்காரன் ஒருவன் லெயோனை நிறுத்தி வைத்துப் பேட்டி எடுத்தான். நிறையப் பேசுகிறவர்தான், இன்று "வெள்ளையா இருந்துச்சு. அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கட்டுரை வேகமாக ஓடுகிறது. இன்று இப்படி எழுதினேன்: "இந்த அற்புதத்தின் இயற்கைப் பின்னணியை அறிவதால் அதன் மகிமை குறைவதில்லை. மீன் அங்கே முன்பே இருந்தது. அதிசயம் மீனில் இல்லை. முகம் தெரியாத ஒருவர் சொன்னதைக் களைத்துப்போன ஏழு பேர் கேட்டார்களே, அதில் இருக்கிறது. அதைவிடப் பெரிய அதிசயம், பிறகு அவர் இன்னாரென்று வாய்விட்டுச் சொல்ல அவர்களில் ஒருவன் இருந்தான்."

நன்றாக வந்திருக்கிறது. கடைசி வாக்கியத்தை அடித்துவிட்டு, மறுபடி எழுதி, மறுபடி அடித்தேன்.

ஏப்ரல் 29, வெள்ளி

ஆயர் இல்லத்திலிருந்து கடிதம். தொம்மையார்முனையில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காட்சி குறித்துப் பங்குத்தந்தையின் அறிக்கை தேவை. "நீங்கள் நேரில் அறிந்தது என்ன?" என்று ஒரே கேள்வி.

மூன்று தாள் கிழித்தேன். நான்காவதில், "நேரில் அறிந்தது எதுவும் இல்லை. மக்களின் பக்தி பெருகியிருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கீழே பங்கு முத்திரை. முத்திரை சாய்ந்து விழுந்துவிட்டது.

மே 1, ஞாயிறு

இந்த ஞாயிற்றுக்கு விதிக்கப்பட்ட வாசகம், யோவான் கடைசி அதிகாரம். நான் தேர்ந்தெடுத்தது அல்ல. உலகம் முழுக்க இன்று அதுதான். தன்னைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்த இராயப்பரை ஆண்டவர் மூன்று முறை 'என்னை நேசிக்கிறாயா' என்று கேட்கிறாரே, அதை நான் வேகமாக வாசித்தேன்.

பூசை முடிந்ததும் ஜெஸிந்தா உடைமாற்றும் அறை வாசலுக்கு வந்தாள். அவளிடம் நான் இதுவரை பேசியதில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தே பேசினாள்.

"எங்கப்பாவுக்கு ஒங்க மேல கோவமில்ல சாமி. சாமிக்குப் பெரிய எடத்துல என்ன கஷ்டமோன்னு சொல்லுதாக. வீட்ல யாரும் ஒங்களக் கொற சொல்லக் கூடாதுங்காக."

"நான் உங்களுக்காகச் செபிக்கிறேன்" என்றேன்.

"எதுக்கு? அன்னைக்கும் செபத்துலதான இருந்தீய."

போய்விட்டாள். மெழுகுவர்த்தி அணைக்கும் குச்சியை எடுத்துக்கொண்டு நான் பீடத்துக்குப் போனேன். வெட்கமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது, யார் மேல் என்று தெரிந்தும் அவள் மேல்தான் கோபப்பட்டேன்.

மே 3, செவ்வாய்

மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று ஆள் விட்டுவிட்டார்கள். கித்தேரியம்மாள் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

மே 6, வெள்ளி

கஸ்பார் நாளை கொச்சிக்குப் போகிறார். அங்கே மீன் கம்பெனி ஒன்றில் ஜெஸிந்தாவுக்கு இறால் உரிக்கும் வேலை. அவருக்கு ஐஸ் சுமக்கிற வேலை. கடலைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாத வேலை.

காலை நடைக்குப் போனபோது ஆளில்லாத வடக்குக் கரையில் கரி மூட்டி மீன் சுட்டுக்கொண்டிருந்தார். வழிக்குக் கொண்டுபோகவாம். வேறு வழியாகத் திரும்பலாம் என்று பார்த்தேன். அதற்குள் கூப்பிட்டுவிட்டார்.

"வாங்க சாமி, வெறும் வயித்தோட போறீய. ரெண்டு மீன் திங்கலாம்."

உட்கார்ந்தேன். மீனைப் பிட்டு முள்ளெடுத்துப் பனையோலையில் வைத்துத் தந்தார். கட்டுரை முடிந்ததா என்று விசாரித்தார். முடிந்தது, அனுப்பிவிட்டேன், அதில் நீங்கள் சொன்னதெல்லாம் இருக்கிறது என்றேன். பேரைப் போட்டிருக்கலாம், போடாமல் விட்டுவிட்டேன் என்றும் சொன்னேன்.

"போடாதீய சாமி. எம் பேரு இருந்தா இந்த ஊருல அதத் தொடமாட்டானுவ." சிரித்தார். நிஜமாகவே அதை வேடிக்கையாகத்தான் சொன்னார்.

நான் சொல்ல வேண்டியதை அப்போது சொல்லியிருக்கலாம். கரையில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. மன்னிப்பு என்ற வார்த்தையை மற்றவர்களுக்கு வருடத்தில் ஆயிரம் முறை வழங்குகிறேன், கேட்க வரவில்லை. மீன் ருசியாக இருந்தது. முழுதும் தின்றேன்.

மே 14, சனி

மேட்டில் குகைபோல் ஒரு கெபி கட்டப் போகிறார்கள். உள்ளே வெள்ளை அங்கியில் தொம்மையார் சுரூபம், ஒரு கை உயர்த்தியபடி. இன்று அடிக்கல் மந்திரிப்பு. ஊரே மேட்டடியில். கடலில் வள்ளம், அதில் பூமாலை, அதே எட்டு பேர், தயாராக வலை. "சாமி மந்திரிச்ச ஒடனே ஒரு மடி வைக்கோம். தொம்மையாரு நின்ன எடம், வெறுங்கையா விடமாட்டாரு" என்று தஸ்நேவிஸ் மைக்கில் சொன்னார்.

மற்ற அங்கிகள் ஈரமாக இருக்கின்றன என்று கித்தேரியம்மாள் அன்று கஸ்பார் வீசிய அங்கியைத்தான் எடுத்துத் தந்தார். மழை பெய்து ஒரு மாதம் ஆகிறது, இந்த வாரம் அவர் எதையும் துவைக்கவும் இல்லை. ஈரம் எப்படி என்று நான் கேட்கவில்லை.

மேட்டில் ஏறிக் கடலைப் பார்த்தேன். கஸ்பார் நின்ற அதே இடம். வெயில் ஒரு பனை ஏறியிருந்தது. கருக்கிறதா, சிவக்கிறதா, ஓரத்தில் நடுங்குகிறதா என்று உண்மையிலேயே தேடினேன். ஒரே நீலம். மந்திரித்துவிட்டு, ஆசீர்வாதத்துக்கு இரண்டு கையையும் உயர்த்தினேன். வள்ளம் அதைச் சாடை என்று எடுத்துக்கொண்டு திரும்பி, வலப்பக்கம் வலையை இறக்கிவிட்டது.

ஒரு மணி நேரம் இழுத்தார்கள். பாட்டுப் பாடி இழுத்தார்கள், பிறகு பாட்டில்லாமல் இழுத்தார்கள். மடியில் பாசியும் சொறிமீனும் ஒரு பழைய ரப்பர் செருப்பும் வந்தன. தஸ்நேவிஸ் மைக்கை அணைத்துவிட்டார்.

நான் இறங்கி வந்தபோது லெயோன் வலையிலிருந்து சொறியை வழித்து எறிந்துகொண்டிருந்தார். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. நிமிராமலே பேசினார்.

"கஸ்பாரு மூணு சுத்து சுத்தி எறக்குவான் சாமி. எங்கப்பன் காலத்துலேர்ந்து பாக்கேன், அந்தக் கை யாருக்கும் வராது. அன்னைக்கு வெள்ளைத் துணி ஆடுன ஆட்டத்துலேயே எங்க எட்டு பேருக்கும் தெரியும்."

"தெரிந்தா வலையை இறக்கினீர்கள்?"

"செவப்புன்னா எறக்க முடியாதுல்லா. வெள்ளைன்னா கேட்டாச் சொல்லிக்கிடலாம்." செருப்பை எடுத்துத் தூர எறிந்தார். "தலைவருக்கே ஒரு சந்தேகம் இருந்துச்சு. அதான் ஒங்ககிட்ட வந்து கேட்டாரு. அந்த வெலக்க எப்படி எடுக்கன்னு தெரியாம அவருந்தான் ரெண்டு வருசமா முழிச்சிக்கிட்டு இருந்தாரு. ஊர் வாயால சொன்னா அது தோல்வி. சாமி வாயால வந்தா யாருக்கும் கொறச்சல் இல்ல. முற்றத்துல எல்லாரும் ஒங்களத்தான பாத்தோம். நீங்க சொல்லுவீயன்னு நின்னோம்."

மே 15, ஞாயிறு

பூசை. கூட்டம் பாதி. கடைசித் தூணுக்குப் பின்னால் யாரும் இல்லை. வேண்டாம் வேண்டாம் என்று நினைத்தும் மூன்று முறை அங்கே பார்த்துவிட்டேன்.

மே 17, செவ்வாய்

குருமட அதிபரின் கடிதம் வந்தது. கட்டுரை எல்லாருக்கும் பிடித்திருக்கிறதாம். "கடலோர மக்களோடு ஒருவராக வாழ்ந்தவரால்தான் இப்படி எழுத முடியும்" என்று எழுதியிருக்கிறார். ஜூனில் வந்து சேர வேண்டும். யோவான் நற்செய்தி எனக்கு. ஒரு வருடத்தில் ஒரு புகாரும் இல்லை என்று ஆயர் பாராட்டினாராம்.

கொச்சிக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். விலாசம் என்னிடம் இல்லை. கித்தேரியம்மாளிடம் கேட்டேன். தெரியும் என்றார், ஆனால் தரவில்லை. "முற்றத்துல நின்னு சொல்ல வேண்டியதத் தபால்லயா போடப் போறீய?" என்றார்.

வருகிற ஞாயிறு முற்றத்தில் சொல்வேன். மைக் இல்லாமலே சொல்வேன்.

மே 22, ஞாயிறு

மழை. பூசைக்குப் பிறகு முற்றத்தில் யாரும் நிற்கவில்லை.

மே 30, திங்கள்

பெட்டி கட்டியாகிவிட்டது. புத்தகங்கள் நான்கு பெட்டி, துணி ஒரு பை. மத்தியானம் கார் வரும்.

மேசைமேல் சோற்றுத் தட்டின் பக்கத்தில் ஒரு தேங்காய்ச் சிரட்டை இருந்தது. ஊறுகாய் என்று நினைத்துக் கையை விட்டேன். முள். கித்தேரியம்மாள் அன்று அங்கியிலிருந்து பொறுக்கிய அத்தனையும். குசினியில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அவர் வெளியே வரவில்லை.

விரல் நுனியில் ஒன்று ஏறி ஒடிந்துவிட்டது. வலதுகை, எழுதுகிற விரல். எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. அப்படியே எழுதுகிறேன்.